கேம்பலை விடுவிக்காத படம்

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வோனகட் எழுதிய ‘மதர் நைட்’ நாவலை அதே பெயரில் கீத் கோர்டன் 1996-இல் திரைப்படமாக்கினார். நாவலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர்கள், மூலத்தை இவ்வளவு மதித்து எடுக்கப்பட்ட படங்கள் அரிது என்பதை ஒப்புக்கொள்வார்கள். நிகழ்ச்சிகளின் போக்கும் பாத்திரங்களின் இயல்பும் உரையாடல்களின் சாரமும் பெருமளவு நாவலில் உள்ளபடியே இருக்கின்றன. ஆனால், இந்தப் படத்தை நான் மதிப்பதற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. போர்க்கால உளவுக் கதைகளில், எதிரியின் முகாமில் இருந்தவன் உண்மையில் நம்முடைய ஆள் என்று தெரியவரும் கணத்திலேயே அவன் கணக்கு தீர்க்கப்பட்டு, அதுவரை அவன் செய்ததெல்லாம் வேடம் என்று மன்னிக்கப்பட்டுவிடும். வோனகட் அந்த மன்னிப்பைக் கொடுக்க மறுத்து ஒரு நாவல் எழுதினார்; கோர்டனும் திரைக்கதை எழுதிய ராபர்ட் வைடும், நட்சத்திர நடிகர் ஒருவரை மையத்தில் நிறுத்திக்கொண்டும் அந்த மறுப்பில் உறுதியாக நின்றார்கள். அதுவே இந்தப் படத்தின் ஆகப் பெரிய நேர்மை என்று கருதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோவர்ட் கேம்பல் ஜூனியர், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் பிறந்த அமெரிக்கர். தந்தையின் வேலை காரணமாக 1923-இல், பதினொரு வயதில், குடும்பத்தோடு பெர்லினுக்குப் போகிறார். அங்கேயே வளர்ந்து, ஜெர்மன் மொழியில் நாடகங்கள் எழுதிப் பெயர் பெறுகிறார். பெர்லின் காவல்துறைத் தலைவர் வெர்னர் நோட்டின் மகளும் நடிகையுமான ஹெல்காவை மணக்கிறார். அவருக்கு அரசியலில் அக்கறை இல்லை. தானும் மனைவியும் மட்டுமே குடிமக்களாக உள்ள ஒரு சின்னஞ்சிறு நாட்டில் வாழ்வதாகவே அவர் எண்ணிக்கொள்கிறார். 1938-இல் பெர்லினின் டியர்கார்டன் பூங்காவில், ஒரு பெஞ்சில் அமர்ந்திருக்கும் அவரிடம் ஃபிராங்க் விர்டனென் என்ற அமெரிக்க உளவு அதிகாரி பேச்சுக் கொடுத்து, போர் வந்தால் நாஜிகளோடு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டே அமெரிக்காவுக்கு உளவாளியாக இருக்கும்படி கேட்கிறார். போர் வருகிறது. கேம்பல் ஆங்கிலத்தில் நாஜி வானொலிப் பிரசாரம் செய்யத் தொடங்குகிறார். யூத வெறுப்பை அவ்வளவு திறமையாகவும் நயமாகவும் உமிழ்ந்தவர் வேறொருவர் இல்லை என்னும் அளவுக்குப் புகழ் அடைகிறார். அந்த உரைகளுக்குள்தான், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே இரும வேண்டும், எந்தச் சொல்லில் தடுமாற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தரப்பட்ட குறிப்புகளின் மூலம் அமெரிக்கத் தரப்புக்கு இரகசியத் தகவல்கள் போய்ச் சேர்கின்றன.

இந்தப் பாத்திரம் வெறுங்கற்பனையில் பிறந்ததல்ல. போர்க்காலத்தில் பெர்லினிலிருந்து ஆங்கிலத்தில் பேசிய பிரசாரகர்கள் பலர் இருந்தார்கள். ‘லார்ட் ஹா-ஹா’ என்று ஆங்கிலேயர்கள் பட்டப்பெயர் சூட்டிய வில்லியம் ஜாய்ஸ், நியூயார்க்கில் பிறந்தவர். 1946 ஜனவரி 3-ஆம் தேதி லண்டனில் தூக்கிலிடப்பட்டார். ‘ஆக்சிஸ் சாலி’ என்று அறியப்பட்ட மில்ட்ரட் கில்லர்ஸ் 1949-இல் தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு 1961-இல் விடுதலையானார். இவர்கள் வரிசையில் ஒருவரைக் கற்பனை செய்து, அவர் உள்ளுக்குள் நம் உளவாளியாக இருந்திருந்தால் நம் தீர்ப்பு மாறுமா என்று வோனகட் கேட்டார். அதைக் கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. ஜெர்மன் வம்சாவளியைச் சேர்ந்த இண்டியானாபொலிஸ் குடும்பத்தில் பிறந்த அவர், 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கி, 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் நேச நாடுகளின் குண்டுவீச்சில் எரிந்தபோது அந்த நகரின் கசாப்புக் கூடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். 1966-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தான் ஜெர்மனியில் பிறந்திருந்தால் தானும் நாஜியாகத்தான் ஆகியிருப்பேன் என்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். மனிதர் எப்படி நடிக்கிறாரோ அப்படியே ஆகிவிடுகிறார், ஆதலால் எதை நடிக்கிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும் என்ற கருத்தை அந்த முன்னுரையிலேயே கதையின் நீதியாக வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஆசிரியரே நீதியைச் சொல்லிவிட்ட பிறகு அந்த நாவலில் என்ன மிஞ்சும் என்று தோன்றலாம். மிஞ்சுவதுதான் நாவல், ஏனென்றால் அந்த நீதியை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நம்மை உணரவைக்கிறார்.

அங்கதம் என்ற வகையில் ‘மதர் நைட்’ நாவலின் மிகக் கொடூரமான கண்டுபிடிப்பு, கேம்பல் கடத்திய தகவல்கள் என்னவென்று கேம்பலுக்கே தெரியாது என்பதுதான். அவர் கையில் இருந்தது இருமல்களும் இடைநிறுத்தங்களும் மட்டுமே. அவற்றின் பொருள் வேறெங்கோ, வேறு யாருடைய காதிலோ பிறந்தது. அவர் தெரிந்து, தன் மூளையால் எழுதி, தன் குரலால் உயிர் கொடுத்தது வெறுப்பை மட்டுமே. தீமைக்கு அவர் எழுத்தாளர். நன்மைக்கோ வெறும் குழாய். கிரிமியாவில் படைவீரர்களுக்கு நாடகம் நடத்தப் போன ஹெல்கா காணாமற்போன செய்தியை, அது என்னவென்று அறியாமலேயே, தன் ஒலிபரப்பு ஒன்றின் இருமல்களில் அவரே அமெரிக்கர்களுக்கு அறிவித்தார் என்பது பின்னால் விர்டனென் வாயிலாக அவருக்குத் தெரியவருகிறது. அவருடைய துக்கமே அவரை அறியாமல் அவர் தொண்டை வழியே போயிருக்கிறது. இந்தச் சாகசம் முழுவதிலும் தன்னை மிகவும் கலங்கடித்தது இதுவே என்கிறார் கேம்பல். நல்லது செய்தவன் என்று அவரை அழைக்க நாம் எவ்வளவு விரும்பினாலும், அந்த நன்மையில் அவருடைய பங்கு எவ்வளவு சிறியது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்பது மாமனார் வெர்னர் நோட்டுடன் நடக்கும் கடைசிச் சந்திப்பு. நாவலின் முதுகெலும்பு இதுதான் என்பது என் கருத்து. 1945, ரஷ்யப் படைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன, நோட்டின் வீட்டில் சாமான்கள் வண்டியில் ஏற்றப்படுகின்றன. விடைபெற வந்த மருமகனிடம் நோட் மனம் திறந்து பேசுகிறார். இவன் ஓர் உளவாளி என்று நிரூபணமாகிச் சுடப்பட வேண்டும் என்று தான் நீண்ட காலம் ஆசைப்பட்டதாகவும், இப்போது அந்த ஆசை போய்விட்டதாகவும் சொல்கிறார். காரணம்தான் நெஞ்சை உறையவைப்பது. நீ உளவாளியாகவே இருந்திருந்தாலும் எதிரிக்கு நீ செய்த சேவை எங்களுக்குச் செய்த சேவையை மிஞ்சியிருக்க முடியாது. நாஜியாக நான் செய்தவற்றுக்கும் உணர்ந்தவற்றுக்கும் வெட்கப்படாமல் இருக்கச் செய்த கருத்துகள் எனக்கு ஹிட்லரிடமிருந்தோ பிரசார அமைச்சர் கெப்பல்ஸிடமிருந்தோ வரவில்லை, உன்னிடமிருந்தே வந்தன. ஜெர்மனிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற முடிவுக்கு நான் வராமல் காத்தவன் நீ ஒருவன்தான் என்ற பொருளில் அவர் பேசுகிறார்.

கேம்பல் தன் மனத்தில் வைத்திருந்த இரகசியக் கணக்கை இந்த ஒரு பேச்சு அழித்துவிடுகிறது. இருமல்கள் எத்தனை உயிர்களைக் காப்பாற்றின என்று அவருக்குத் தெரியாது. ஆனால், சொற்கள் எத்தனை மனசாட்சிகளைத் தூங்க வைத்தன என்பதற்கு ஒரு சாட்சி அவர் முன்னால் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. படத்தில் இந்தக் காட்சியை எடுத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த அதிர்ச்சி உத்தியும் இல்லாமல், ஒருவர் பேச, மற்றவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதன் வேதனையை மட்டும் நம்பி எடுத்திருக்கிறார்கள். வழக்கமான உளவுப் படத்தில் இந்த இடத்தில் நாயகனின் கண்ணில் ஓர் இரகசியப் பெருமிதம் மின்னும். எதிரியை இவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறானே என்று நாமும் மகிழ்வோம். இங்கே கேம்பலாக நடிக்கும் நிக் நோல்டியின் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஏமாந்தவர் நோட் அல்ல என்பது மெல்ல மெல்ல அந்த முகத்துக்குப் புரிகிறது.

நோல்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாவல் கேம்பலின் தன்வரலாற்றுக் குறிப்புகளாக எழுதப்பட்டது. தன்னைப் பற்றித் தானே எழுதும் ஒருவரின் வாக்கியங்களில் கசப்பும் சிரிப்பும் தற்காப்பும் ஒருசேர இருப்பதால், அவரை முழுவதுமாக நம்பவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் வாசகர் தவிக்கிறார். திரையில் அந்த வாக்கியங்கள் போய்விடுகின்றன, முகம் வந்துவிடுகிறது. முகத்தின் மீது நமக்கு இரக்கம் பிறப்பது மிக எளிது. இரண்டு மணி நேரம் ஒருவருடைய துயரத்தை அருகிலிருந்து பார்த்தால் அவரை மன்னித்துவிடுவோம். இந்த ஆபத்தை நோல்டி அறிந்தே நடித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. வானொலிக் கூடத்தில் பேசும்போது அவர் தரும் சொகுசான, தன்னம்பிக்கை நிறைந்த குரலில், அந்த வேலையைச் செய்வதில் ஒரு கலைஞனுக்கு இருக்கும் இன்பம் தெரிகிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஒரு நாடக ஆசிரியன் தனக்குக் கிடைத்த ஆகப் பெரிய வேடத்தை அனுபவித்து நடித்தான் என்ற உண்மையை அந்தக் குரல் ஒப்புக்கொள்வதால், பிற்பாதியில் அவர் படும் வேதனை நம் இரக்கத்தைப் பெற்றாலும் விடுதலையைப் பெறுவதில்லை.

படத்தின் உச்சம் நியூயார்க் தெருவில் அவர் உறைந்து நிற்கும் காட்சி. போருக்குப் பிறகு கிரீனிச் வில்லேஜில் ஓர் மேல்மாடி அறையில் 15 ஆண்டுகள் மறைவாக வாழ்ந்து, எல்லாம் வெளிப்பட்டு, எல்லோரையும் இழந்தபின் அவர் நடைபாதையில் நின்றுவிடுகிறார். குற்றவுணர்வோ துயரமோ அச்சமோ அவரை நிறுத்தவில்லை. எந்தத் திசையிலும் நகர்வதற்குக் காரணம் ஒன்றுமில்லை என்பதால் நின்றுவிடுகிறார். நாவலில் இது ஒரு குறுகிய அத்தியாயம். ஒவ்வொரு காரணமாக மறுத்துக்கொண்டே போய், கடைசியில் வெறுமையை வந்தடையும் சில வரிகள். கோர்டன் இதைக் காலமாக மாற்றுகிறார். எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின், மணியோசையும் கீழிறங்கும் வயலின்களும் கொண்ட இசை ஒலிக்க, நோல்டி நிற்கிறார். மக்கள் கடந்து போகிறார்கள். கடந்து போகிறவர்களில் ஒருவராக வோனகட்டே வருகிறார். எழுத்தாளர்கள் தம் படங்களில் தலைகாட்டுவது பொதுவாக எனக்கு இடையூறாகப் படும். இங்கே மட்டும் அது பொருத்தமாகத் தோன்றுகிறது. நாவல் முழுவதும் ‘தொகுப்பாசிரியர்’ என்ற வேடத்தில் மட்டும் நின்று, தன் பாத்திரத்தைக் கைதூக்கிவிட மறுத்த ஆசிரியர், திரையிலும் அவனைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்.

பிற நடிகர்களில் ஷெரில் லீயைக் குறிப்பிட வேண்டும். மாண்டுபோனதாகக் கருதப்பட்ட ஹெல்கா நியூயார்க்கில் கேம்பலின் அறை வாசலில் வந்து நிற்பதும், பின்னர் அவள் ஹெல்கா அல்ல, தங்கை ரெஸி என்று தெரியவருவதும் நாவலின் முக்கியமான திருப்பம். நாவலில் இந்த ஏமாற்றத்தைக் கதைசொல்லியின் வார்த்தைகளே நடத்திவைக்கின்றன. படத்தில் இரண்டு பாத்திரங்களையும் ஷெரில் லீயே ஏற்றிருப்பதால், கேம்பலின் கண்கள் ஏமாறுவதுபோல நம் கண்களும் ஏமாறுகின்றன. சிறுமி ரெஸியாகக் கிர்ஸ்டன் டன்ஸ்ட் சிறிது நேரமே வருகிறார்; ஆனால் வீடு காலியாகும் அந்தக் கடைசி நாளில், வாழ்வதற்குக் காரணம் தெரியாத ஒரு குழந்தையின் வறண்ட நிதானத்தோடு அவர் தன் காதலைச் சொல்லும் இடம், பிந்தைய ரெஸியின் முடிவுக்கு விதையாக அமைந்துவிடுகிறது. அண்டைவீட்டு ஓவியரும் சதுரங்கத் தோழருமான கிராஃப்ட்டாக ஆலன் ஆர்கின் வருகிறார். உண்மையான நண்பராகவும் சோவியத் உளவாளியாகவும் ஒரே நேரத்தில் இருப்பது அந்தப் பாத்திரத்துக்கு முரண்பாடாகவே தெரிவதில்லை என்பதை அவர் மிக இயல்பாகக் காட்டுகிறார். விர்டனென்னாக வரும் ஜான் குட்மேனின் கனிவுதான் படத்திலேயே அச்சமூட்டும் கனிவு.

கோர்டனும் வைடும் இந்த வேலைக்கு வெளியாட்களாக வரவில்லை. நடிகராகத் தொடங்கிய கோர்டன், வோனகட் சிறு வேடத்தில் தோன்றிய 1986-ஆம் ஆண்டின் ‘பேக் டு ஸ்கூல்’ நகைச்சுவைப் படத்தில் நடித்தவர். 1992-இல், இரண்டாம் உலகப் போரின் பனிக்காட்டுப் போர்முனையில் நடக்கும் ‘எ மிட்நைட் கிளியர்’ என்ற படத்தை இயக்கியிருந்தார். அதுவும் ஒரு நாவலிலிருந்து எடுத்ததே. வைடு வோனகட்டின் நெருங்கிய நண்பர். அவரைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த ஆவணப்படம் 2021-இல் வெளிவந்தது. ‘மதர் நைட்’ படப்பிடிப்பு மான்ட்ரியலில் நடந்தது. பெரிய போர்க்களக் காட்சிகள் இல்லை. அறைகள், மாடிப்படிகள், ஒலிபரப்புக் கூடம், சிறை என்று உள்ளிடங்களிலேயே கதை நகர்கிறது. நாவலும் அப்படித்தான் என்பதால் இந்தச் சிக்கனம் குறையாகத் தெரிவதில்லை.

எது இழக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாவல் 45 சிறிய அத்தியாயங்களால் ஆனது. போர்க்குற்ற விசாரணைக்காகப் பழைய ஜெருசலேமின் சிறையில் அடைக்கப்பட்டிருக்கும் கேம்பலைக் காவல் காப்பவர்களோடு அது தொடங்குகிறது. 18 வயது இளைஞன் ஒருவனுக்குக் கெப்பல்ஸ் யார் என்றே தெரியாது. அவனுடைய ஆர்வமெல்லாம் பண்டைய அசீரியப் பேரரசனிடம் இருக்கிறது. இன்னொருவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பிணம் சுமக்கும் பணிக்குத் தாமாகவே முன்வந்தவர். ஏன் முன்வந்தோம் என்பதை அவரால் இன்றும் விளக்க முடியவில்லை. மூன்றாமவர் ஹங்கேரிய யூதர்; பொய்ச் சான்றுகளோடு நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து தப்பியவர். கேம்பலின் பிரசாரம் போதிய காரமில்லாமல் இருந்தது என்று குறை சொல்பவர். இவர்கள் ஒவ்வொருவரும் கேம்பலின் கேள்விக்கு வேறொரு விடை. நடிப்பும் பிழைப்பும் ஒன்றாகிப்போன உலகில் கேம்பல் தனியானவர் அல்லர் என்பதை இந்த முதல் பக்கங்களே நிறுவிவிடுகின்றன. படத்தில் இவர்களுக்கு இடம் மிகக் குறைவு. சிறை ஹைஃபாவுக்கு மாறியிருக்கிறது. நாவலில் டெல் அவீவில் கேம்பல் சந்திக்கும், யூத இனப்படுகொலையை ஒழுங்கமைத்த நாஜி அதிகாரி ஐக்மன், படத்தில் பக்கத்து அறையிலிருந்து கேட்கும் குரலாகிறார். இந்தக் குரல் மாற்றம் எனக்கு நல்ல முடிவாகவே படுகிறது. ஐக்மனின் முகம் காட்டப்பட்டிருந்தால் நாம் அரக்கனைத் தேடியிருப்போம். குரல் மட்டும் கேட்கும்போது சலிப்பூட்டும் அண்டைவீட்டுக்காரர் ஒருவரே கிடைக்கிறார். காவலர்களின் இழப்பை மட்டும் எதுவும் ஈடுசெய்யவில்லை.

இரண்டாவது இழப்பு சிரிப்பு. வெள்ளை இனவெறிப் பத்திரிகை நடத்தும் பல் மருத்துவர் ஜோன்ஸ், அவரோடு கூட்டுச் சேர்ந்திருக்கும் பதவி பறிக்கப்பட்ட பாதிரியார், ‘ஹார்லெமின் கறுப்பு ஃபியூரர்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் முதியவர் ஆகியோரை வோனகட் மிகத் துல்லியமான கேலியோடு எழுதுகிறார். ஒருவரையொருவர் தாழ்ந்தவர்கள் என்று நம்ப வேண்டிய கொள்கைகளைச் சுமந்துகொண்டே அவர்கள் அன்போடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களை வைத்துத்தான், வெறி பிடித்த மனத்தைப் பற்களில் சில வேண்டுமென்றே ராவி எடுக்கப்பட்ட பற்சக்கரமாக நாவல் விவரிக்கிறது. மீதிப் பற்கள் பிசகின்றிப் பொருந்திச் சுழலும், ராவப்பட்ட இடம் வரும்போது மட்டும் சக்கரம் துள்ளித் தாவும். அரசியல் வெறுப்பின் உளவியலை விளக்க நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான பகுதி இல்லை. திரையில் அந்த விளக்கத்துக்கு வழியில்லாததால், ஜோன்ஸ் கூட்டத்தார் விசித்திரமான துணைப் பாத்திரங்களாகக் குறுகிவிடுகிறார்கள். படம் முழுவதுமே நாவலைவிடச் சோகமானது. நாவலில் சிரித்துவிட்டு வெட்கப்படும் இடங்களில் படத்தில் நேராகவே துக்கப்படுகிறோம். இருந்தாலும் பிங் கிராஸ்பியின் ‘ஒயிட் கிறிஸ்மஸ்’ பாடல் ஒலிக்கக் கேம்பல் இஸ்ரேலியச் சிறைக்குள் நுழையும் தொடக்கத்தில் வோனகட்டின் கேலி அப்படியே இருக்கிறது. நாவலில் அது, போர் உபரிப் பொருளாக அவர் வாங்கிய இசைத்தட்டுகளில் மீண்டும் மீண்டும் அகப்பட்ட பாடல். அதை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தது நாவலை ஆழ்ந்து படித்தவர்களுக்கே தோன்றக்கூடிய யோசனை.

முடிவில் விர்டனென்னின் கடிதம் வருகிறது. இவர் எங்கள் உளவாளிதான் என்று, கட்டளையை மீறி, தன் உண்மைப் பெயரில் அவர் சாட்சி சொல்கிறார். சட்டப்படி கேம்பல் விடுதலையாகலாம். அந்த விடுதலையின் எண்ணமே அவருக்குக் குமட்டலைத் தருகிறது. தனக்கெதிராகத் தான் செய்த குற்றத்துக்காகத் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள முடிவு செய்கிறார். இந்த முடிவை மாற்றவோ மென்மையாக்கவோ எத்தனையோ வழிகள் இருந்திருக்கும். கடிதத்தைச் சற்று முன்னதாக வரவைத்து நீதிமன்றக் காட்சி ஒன்றைச் சேர்த்தால் போதும். பார்வையாளர் நிம்மதியோடு எழுந்து போவார். கோர்டன் அதைச் செய்யவில்லை.

கேம்பலை வோனகட் பிற்பாடு 1969-இல் வெளிவந்த ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ நாவலிலும் கொண்டுவருகிறார். டிரெஸ்டனில் பசியோடு உட்கார்ந்திருக்கும் அமெரிக்கக் கைதிகளை நாஜிப் படைப்பிரிவு ஒன்றில் சேர அழைப்பதற்காக, தானே வடிவமைத்த கோமாளித்தனமான சீருடையில் அவர் அங்கே வந்து பேசுகிறார். எட்கர் டெர்பி என்ற வயதான கைதி எழுந்து நின்று அவருக்குப் பதில் சொல்கிறார். கேம்பல் உளவாளி என்பதைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்கூட இல்லை. கைதிகளின் இருக்கையிலிருந்து, அதாவது வோனகட் ஒருகாலத்தில் உண்மையிலேயே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்க்கும்போது, கேட்பதற்கு அந்தப் பேச்சைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. ‘மதர் நைட்’ படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியையும் படித்துவிட்டுப் பார்த்தால், நோட்டின் வீட்டுக் காட்சியில் நோல்டி ஏன் அப்படி வாயடைத்து நிற்கிறார் என்பது இன்னும் துலக்கமாகத் தெரியும்.